இடது காதில் மட்டும் கேட்ட பதினொரு பாட்டு

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் இருந்தபோது உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒரே வீட்டில் ஆறு வருஷம் இருந்தோம், எழுத என்ன தேவை? வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பியதையெல்லாம் போன வாரம் தேடிப் பார்த்தேன். 'கார் ரெடி.' 'மாலினி வர லேட்டாகும்.' 'கீழே நிக்கிறேன்.' அவ்வளவுதான் இருந்தது. இப்போது நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். மனசு இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. உங்கள் மகள் மாலினி நன்றாக இருக்கிறாள். பல் கிளினிக்கில் இன்னும் சனிக்கிழமையும் வேலைதான். நீங்கள் வைத்த பண்டான் செடி பால்கனியில் புதர் மாதிரி பெருத்துவிட்டது. என் வேலை போகவில்லை. போய்விடுமோ என்று நான் ஒரு காலத்தில் பயந்தது உங்களுக்குத் தெரியாது. தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிக்கப் போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன்.

நீங்கள் நில அலுவலகத்தில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவர். மாமா காலமான பிறகு பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டைக் காலி செய்துவிட்டு, கிள்ளானில் எங்களோடு வந்து தங்கினீர்கள். இஸ்திரி போட்ட சேலை, பெட்டியில் பேனா, எதையும் ஒரு தாளில் குறித்துவைக்கும் பழக்கம். நான் செலாயாங் மொத்த பாசாரில் காய்கறி மூட்டை இறக்கியவரின் மகன். போர்ட் கிள்ளானில் சரக்குப் பெட்டிகளுக்குப் பத்திரம் தயார் செய்யும் கம்பெனியில் வேலை. மாலினியை நான் கட்டிக்கொள்வதில் உங்களுக்கு விருப்பமில்லை என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று கேட்டால், காரைத்தான் காட்டுவேன்.

இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை சுங்கை பூலோவில் இருக்கும் உங்கள் அக்கா ராஜம் பெரியம்மா வீட்டுக்கு உங்களைக் கூட்டிப்போவது என் வேலை. முதல் தடவை நீங்கள் எனக்குப் பின்னால் இருந்த கதவைத் திறந்து ஏறினீர்கள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. நான் என்ன கூலிக்கு வந்த டிரைவரா? மாலினியிடம் சொன்னேன், அவள் உங்களிடம் சொன்னாள். அடுத்த தடவையிலிருந்து முன்னால் உட்கார்ந்தீர்கள். மடியில் கைப்பை, பார்வை நேரே சாலையில்.

நான் பேசிப் பார்த்தேன். முன்னால் உட்கார்ந்த அன்றைக்கே, முதல் டோல் தாண்டியதும் சொன்னேன், "அத்தை, என் மேல உங்களுக்கு ஒரு வருத்தம் இருக்கலாம். ஆனா மாலினியை நல்லா பாத்துப்பேன்." எத்தனை நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் தெரியுமா? நீங்கள் பதிலே சொல்லவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு வேறு பேச்சுகள். சாலை ஜாம் பற்றி, மழை பற்றி, எங்கள் அப்பாவின் முழங்கால் பற்றி. சில சமயம் 'ம்' என்பீர்கள், அதுவும் பொருந்தாத இடத்தில். நான் ரேடியோ போட்டால் மட்டும் உங்கள் முகம் மாறும். ஒருநாள் அறிவிப்பாளர் சொன்ன ஜோக்குக்குச் சிரித்தீர்கள். அரை மணி நேரம் முன்னால் அதே ஜோக்கை நான் சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை. ரேடியோவுக்குச் சிரிக்கிறவர் எனக்குச் சிரிக்க மாட்டார் என்று முடிவு செய்தேன். அப்புறம் பேசுவதைக் குறைத்துவிட்டேன்.

வீட்டில் நாம் பேசிக்கொண்டதில்லையா என்றால், பேசினோம். சாப்பாட்டு மேசையில் நீங்கள் எப்போதும் சுவரோரத்து வலது நாற்காலியில்தான் உட்காருவீர்கள். அங்கே கேட்டதற்கெல்லாம் பதில் வரும். அதைத்தான் நான் இன்னும் மோசமாக எடுத்துக்கொண்டேன். மாலினி பக்கத்தில் இருந்தால் மரியாதை, தனியாக இருந்தால் கல் மாதிரி மௌனம் என்று.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அந்த வாரம் கம்பெனியில் ஆள் குறைப்புப் பட்டியல் தயாராகிறது, அதில் என் பெயர் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். மாலினியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. காரில் உங்களிடம் சொன்னேன். முதலில் உங்களிடம்தான் சொன்னேன், அத்தை. "எனக்கு பயமா இருக்கு, அவகிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியல" என்றேன். நாற்பது வயசு ஆண் அப்படிச் சொல்வது எவ்வளவு கஷ்டம்.

நீங்கள் கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னீர்கள், "அந்த லோரி ரொம்ப ஒட்டி வருது தம்பி."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "நான் பேசுறது உங்க காதுலயே விழாதா? எங்கப்பா மூட்டை தூக்கினா நான் மனுஷன் இல்லையா?" என்று கத்தினேன். அப்போதுதான் முகத்தை முழுசாக என் பக்கம் திருப்பினீர்கள். "யாரு மனுஷன் இல்ல? யாரைச் சொல்றீங்க?" என்று கேட்டீர்கள். கிண்டல் செய்கிறீர்கள் என்று நினைத்தேன். பெரியம்மா வீடு வரை நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து மாலினியிடம், "இனிமே உங்கம்மாவுக்கு ஆன்லைன்ல கார் புக் பண்ணு, எனக்கு சனிக்கிழமை வேலை இருக்கு" என்றேன். அவளும் அப்படியே செய்தாள். நாலு மாதம் முன்பின் தெரியாத ஆட்களின் காரில் போய் வந்தீர்கள். நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆள் குறைப்பில் என் பெயர் கடைசியில் வரவில்லை, வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அதையும் உங்களிடம் சொல்லவில்லை.

பிறகு உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் மத்தியானம் நான் தனியாக வந்தேன். உங்கள் இடது கையில் டிரிப், அந்தப் பக்கம் கம்பி ஸ்டாண்டு, ஓயாமல் சத்தம் போடும் மெஷின், அதனால் நாற்காலியை வலது பக்கம் போட்டிருந்தார்கள். உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அரை மணி நேரம் பேசியிருப்பேன். நடுவில் கண்ணீர் வந்துவிட்டது. நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முடித்துவிட்டுக் காத்திருந்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டி என் சட்டைப் பொத்தானைச் சரி செய்தீர்கள். மறுநாள் விடிகாலையில் போய்விட்டீர்கள்.

எட்டு மாதம் இதை மனசில் வைத்துக்கொண்டு சுற்றினேன், அத்தை. மன்னிக்காமலேயே போய்விட்டார் என்று.

இனி லேப்டாப் கதைக்கு வருகிறேன்.

நீங்கள் போவதற்கு இரண்டு வருஷம் முன்னால், "தம்பி, அந்தப் பழைய லேப்டாப் சும்மாதானே கெடக்கு, நான் எடுத்துக்கவா?" என்று கேட்டீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்குப் பிறகு பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு மத்தியானங்களில் அறையில் உட்கார்ந்திருப்பீர்கள். சீரியல் பார்க்கிறீர்கள் என்று மாலினியும் நினைத்தாள், நானும் நினைத்தேன். போன மாதம் உங்கள் பழைய படங்கள் ஏதாவது இருக்கிறதா என்று தேட அதைத் திறந்தோம். படம் ஒன்றும் இல்லை. இலவசமாக இறக்கிக்கொள்ளும் ஒரு இசை மென்பொருள் இருந்தது. 'என் பாட்டு' என்று ஒரு கோப்புறை. அதற்குள் பதினொரு பாட்டுகள்.

மாலினி வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மா பாட்டு போட்டாங்களா? எங்கம்மாவா?" என்றாள். நீங்கள் சமையலறையில் முணுமுணுத்துக்கூட நாங்கள் கேட்டதில்லை. அந்த ஹெட்போனை மாட்டி முதல் பாட்டைப் போட்டேன். பியானோ சத்தத்தில் ஒரு சின்ன மெட்டு, விட்டு விட்டு, தடுமாறி. இரண்டாவதிலிருந்து மெட்டு நடக்க ஆரம்பித்தது. ஐந்தாவதில் வீணை, தபேலா, பின்னால் வயலின் கூட்டம் எல்லாம் வந்துவிட்டன. வார்த்தை எதிலும் கிடையாது. எனக்கு இசை தெரியாது. ஆனால் ஹெட்போனை வாங்கி ஐந்தாவதைக் கேட்டபோது மாலினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு குறை மட்டும் இருந்தது. இரண்டாவது பாட்டிலிருந்து வலது காதில் சத்தமே இல்லை. ஹெட்போன் பழுது என்று நினைத்துப் புதிது வாங்கினேன். அதிலும் அப்படியே. லேப்டாப் பழசு, அதில்தான் கோளாறு என்றேன். ஆபீஸ் நண்பர் ஒருவர், பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேல் மாடியில் சரளா என்ற பெண் சின்ன ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறார், கோயில் பாட்டு, கல்யாண வீடியோவுக்கு இசை எல்லாம் செய்கிறார், அங்கே காட்டு என்றார். எடுத்துக்கொண்டு போனேன்.

சரளாவுக்கு முப்பது வயது இருக்கும். ஐந்து நிமிஷம் திரையைப் பார்த்தார்.

"அண்ணே, ஹெட்போனும் ஓகே, லேப்டாப்பும் ஓகே. இங்க பாருங்க. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு வரிசை. வரிசை பக்கத்துல சின்னதா ஒரு குமிழ் இருக்குல்ல, அதுதான் சத்தம் எந்தக் காதுக்குப் போகணும்னு சொல்றது. புதுசா தொறந்தா நடுவுல நிக்கும். இவங்க எல்லாத்தையும் இடது கோடிக்குத் திருப்பி வெச்சிருக்காங்க."

"வயசானவங்க. தெரியாம கை பட்டிருக்கும்."

"ஒண்ணு ரெண்டுன்னா சரி லா. இதுல வாசிச்ச வரிசையே அறுபது எழுபது இருக்கு, ஒண்ணுகூட மிச்சமில்ல. முதல் பாட்டு மட்டும் நடுவுல இருக்கு. இது வேணும்னே பண்ணது." அவர் என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டு கேட்டார், "தப்பா நெனைக்காதீங்க. அம்மாவுக்கு வலது காது கேக்குமா?"

"கேக்குமே" என்றேன்.

சொன்ன மறுகணம் என் கண் முன்னால் கார் வந்தது. கார் ஓட்டுகிறவன் வலது பக்கம் உட்காருகிறான். பக்கத்தில் இருப்பவரின் வலது காதுதான் அவன் பக்கம் இருக்கிறது. ஆஸ்பத்திரி நாற்காலி எந்தப் பக்கம் இருந்தது என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. சரளா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "அண்ணே, உக்காருங்க. மூஞ்சி வெளுத்துப் போச்சு" என்றார். நான் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து மாலினியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. "எங்கம்மாவைப் பத்தி எனக்குத் தெரியாதா? நான் சொன்னது எதுவும் அவங்க காதுல விழாம போனதே இல்ல" என்று கோபப்பட்டாள். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவினாள். திரும்பி வந்து மெதுவாகச் சொன்னாள், "கடைக்குப் போனா எப்பவும் என் வலது பக்கமாவே நடப்பாங்க. நான் அந்தப் பக்கம் மாறினா, ஏதாச்சும் பாக்குற மாதிரி நின்னுட்டு மறுபடி மாறிப்பாங்க. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். நான் அதைப் பழக்கம்னு நெனச்சேன்."

அவளைக் கார் ஓட்டச் சொன்னேன். நான் உங்கள் சீட்டில் உட்கார்ந்தேன். வலது காதில் பஞ்சை அடைத்து, அதன் மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டேன். நெடுஞ்சாலையில் ஏறியதும் சாதாரணக் குரலில் ஏதாவது பேசு என்றேன். அவள் உதடு அசைகிறது, ஏதோ பேச்சு நடக்கிறது என்று தெரிகிறது. டயர் சத்தம், ஏசி சத்தம், ஜன்னல் பக்கம் போகும் மோட்டார்சைக்கிள்கள், எல்லாம் இடது காதை நிறைத்துக்கொள்கின்றன. என்ன பேச்சு என்று மட்டும் தெரியவில்லை. முகத்தைப் பார்க்கலாம் என்றால், ஓட்டுகிறவள் சாலையைப் பார்த்துக்கொண்டு பேசுகிறாள். நான் 'ம்' என்றேன். அத்தை, வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் நானும் 'ம்' என்றுதான் சொன்னேன்.

கையை எடுத்துவிட்டு, என்ன சொன்னாய் என்று கேட்டேன். "நீ எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போறதை ஏன் நிறுத்தினேன்னு கேட்டேன்" என்றாள். அன்று சாலை ஓரத்தில் காரை நிறுத்தச் சொல்லி, நடந்த எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ரேடியோவுக்கு ஏன் சிரித்தீர்கள் என்பது புரிந்தது, அதன் ஸ்பீக்கர் ஒன்று உங்கள் இடது கதவில் இருக்கிறது. பின் சீட்டில் ஏன் உட்கார்ந்தீர்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. எனக்குப் பின்னால், வலது ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் இடது காது காரின் உள்பக்கம் இருக்கும், என் குரல் அதில் விழும். நான்தான் என் மானம் போகிறது என்று உங்களை அங்கிருந்து எழுப்பினேன்.

லேப்டாப் பையில் உங்கள் பயிற்சி நோட்டு ஒன்று இருந்தது. அதை முன்பே புரட்டியிருந்தேன், ஒன்றும் ஏறவில்லை. மறுபடி முதல் பக்கத்திலிருந்து உட்கார்ந்து வாசித்தேன். ஆபீஸ் கோப்பில் குறிப்பெழுதுவது போல எண் போட்டு எழுதியிருக்கிறீர்கள்.

'1. திறந்ததும் நிறைய பொத்தான்கள் தெரியும். பயப்பட வேண்டாம். முதலில் "புதிது" மட்டும். 2. வேகம் 120இல் வந்து நிற்கிறது. எனக்கு 72 போதும். 3. தனியாக வாத்தியப் பலகை வாங்கத் தேவையில்லை. தட்டச்சுப் பலகையில் ஏ விசை ச, எஸ் விசை ரி, டி விசை க. வரிசையாகப் போகிறது. 4. தப்பாகத் தட்டினால் அழிக்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் அழிக்கலாம். யாரும் பார்ப்பதில்லை.'

நாலாவது பக்கத்தில்: 'ஏறிப்போகும்போது மேல் ஸ்வரங்கள் காணாமல் போகின்றன. மெஷின் பழுதா? தம்பியிடம் கேட்க வேண்டும்.' அதற்கு அடுத்த வரியில்: 'கேட்க வேண்டாம். பழுது மெஷினில் இல்லை.'

அந்த வரியை முதல் தடவை எப்படித் தாண்டிப் போனேன்?

சரளா பிறகு விளக்கினார். அந்தப் பியானோவில் கீழ் ஸ்வரங்கள் இடது காதிலும், மேல் ஸ்வரங்கள் வலது காதிலும் கேட்கும்படி செய்திருப்பார்களாம். நீங்கள் விசையைத் தட்டுகிறீர்கள், திரையில் ஸ்வரம் விழுகிறது, உங்களுக்கு மட்டும் கேட்கவில்லை. மூன்று நாள் தேடியிருக்கிறீர்கள். ஐந்தாவது பக்கத்தில்: 'ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சிறு குமிழ். இடது கோடிக்குத் திருப்பினால் எல்லாம் வருகிறது. எல்லாம் வருகிறது.' இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். அறுபத்து மூன்று வயதில், அந்த மத்தியானம், மூடிய அறைக்குள் உங்கள் முகம் எப்படி இருந்திருக்கும்? நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

இன்னும் புரட்டினேன். நோட்டின் பாதியில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 'ஜாமில் நிற்கும்போது தம்பி ஸ்டீரிங்கில் விரல்களால் தட்டுவார். மூன்று, பிறகு நாலு. மூன்று, பிறகு நாலு. தனக்கே தெரியாமல் தட்டுகிறார் போல. டோல் வந்ததும் நிறுத்திவிடுவார். இதை வைத்து ஒன்று செய்து பார்க்கலாம்.' பதினொன்றாவது பாட்டின் பெயரை அப்போது போய்ப் பார்த்தேன். 'தம்பி கார்.'

நீங்கள் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டு வருகிறீர்கள் என்றல்லவா நினைத்தேன்? பேச்சு கேட்காத இடத்தில் உட்கார்ந்து என் விரலைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அந்தப் பாட்டின் மெட்டு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரியும். துள்ளிக்கொண்டு போகிறது. என்னைப் பிடிக்காத ஒருவர் செய்த பாட்டு அது இல்லை. அதைக் கண்டுபிடிக்க இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அந்தப் பாட்டுக்குக் கீழே கடைசிக் குறிப்பு. 'தம்பி இப்போதெல்லாம் வருவதில்லை. வேலை அதிகம் என்று மாலினி சொன்னாள். தாளத்தை அவரே தட்டிக் கொடுத்தால் நன்றாக இருக்கும். ஒரு வரிசை காலியாக விட்டிருக்கிறேன். கேட்கக் கூச்சமாக இருக்கிறது.'

நான் கோபித்துக்கொண்டுதான் வராமல் இருந்தேன் என்பதுகூட உங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாளே நானும் மாலினியும் சுங்கை பூலோவுக்குப் போனோம். பெரியம்மா முதலில் ஒன்றும் தெரியாதவர் மாதிரி தேநீர் போட்டுக் கொண்டுவந்து உட்கார்ந்தார். நோட்டை அவர் மடியில் வைத்தேன். உங்கள் கையெழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அழுதார்.

"பொன்னுக்கு வீங்கி வந்துச்சுப்பா, அவளுக்கு ஒம்பது வயசு. காய்ச்சல் எறங்கினப்போ வலது காது போயிருச்சு. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கம்மா எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க. பொண்ணு பாக்க வர்றவங்க திரும்பிப் போயிருவாங்கன்னு பயம். அப்புறம் கல்யாணம் ஆச்சு, வேலை ஆச்சு. சொல்ற நேரமே தாண்டிப் போச்சு."

"அப்பாவுக்குமா தெரியாது?" என்று மாலினி கேட்டாள்.

"அவருக்கும் தெரியாது. கட்டில்ல எந்தப் பக்கம் படுக்குறதுன்னு உங்கம்மாதான் முடிவு பண்ணுவா. உங்கப்பா அதைப் பிடிவாதம்னு சொல்லிச் சிரிப்பாரு."

காரில் நான் கத்தியதையும், ஆஸ்பத்திரியில் மன்னிப்புக் கேட்டதையும் பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். "இதையா மனசுல வெச்சிட்டு இருந்தே? முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். அப்புறம்தான் அதைச் சொன்னார், அத்தை. நீங்கள் அன்று சாயங்காலம் அவருக்குப் போன் செய்திருக்கிறீர்கள்.

"'அக்கா, மாப்பிள்ளை வந்து ரொம்ப நேரம் பேசிட்டுப் போனாரு. கண்ணு கலங்கிச்சு. நாற்காலி அந்தப் பக்கம் இருந்துச்சு, இந்தப் பக்கம் மெஷின் சத்தம், ஒண்ணும் வெளங்கல. மறுபடி சொல்லுங்கன்னு கேக்கக் கூச்சமா போச்சு'ன்னா. நான்தான் சத்தம் போட்டேன். 'இன்னும் யாருக்குடி மறைக்கிற? உன்னை யாரு பொண்ணு பாக்க வரப்போறா? சொல்லித் தொலையேன்'னேன். சிரிச்சா. 'சரிக்கா, நாளைக்கு வந்தா, இந்தப் பக்கம் வந்து உக்காருங்க தம்பின்னு சொல்லிடறேன். அவர்கிட்ட நானும் ஒண்ணு கேக்கணும், பாட்டு விஷயமா'ன்னா."

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தேநீர் ஆறிப்போயிருந்தது.

ஒரு நாள், அத்தை. இன்னும் ஒரே ஒரு நாள் இருந்திருந்தால்?

கிளம்பும்போது பெரியம்மாவிடம் கேட்டேன், இதை நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி எழுதலாமா, அத்தைக்குக் கோபம் வருமா என்று. "அவளே சொல்றேன்னுட்டாளே. நீ சொல்லிடு" என்றார். அதனால்தான் இது எல்லோரும் வாசிக்கும்படி இருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு மேல் மறைத்ததை நான் திறந்துவிட்டேன். தப்பென்றால் என்னைத் திட்டுங்கள்.

சரளா ஒரு யோசனை சொன்னார். குமிழ்களையெல்லாம் சரி செய்து இரண்டு காதிலும் கேட்கிற மாதிரி ஆக்கித் தருகிறேன் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரி செய்ய அதில் என்ன தப்பு இருக்கிறது?

போன ஞாயிறு காலையில் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, உங்கள் நோட்டைப் பக்கத்தில் விரித்து, முதல் எண்ணிலிருந்து ஆரம்பித்தேன். பயப்பட வேண்டாம் என்று நீங்கள் எழுதியிருந்தும் பயமாகத்தான் இருந்தது. பதினொன்றாவது பாட்டைத் திறந்தேன். கீழே ஒரு காலி வரிசை. அதன் பெயர் 'தம்பி'. பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, மேசையில் விரலால் தட்டினேன். காரில் தெரியாமல் வருவது, தெரிந்து தட்டினால் வரவில்லை. மூன்று சரியாக இருந்தால் நாலு ஓடிவிடுகிறது. நாலைப் பிடித்தால் உங்கள் வீணை முன்னால் போய்விடுகிறது. மாலினி பார்த்துக்கொண்டே இருந்தவள் சிரித்துவிட்டாள். எட்டு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு சுற்றுதான் தேறியது. மீதியெல்லாம் அழித்தேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு நன்றி.

அன்று ஆஸ்பத்திரியில் நான் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். எழுத்துக்கு இடது வலது கிடையாது. "அத்தை, நான் உங்களிடம் கத்தியது தப்பு. வேலை போய்விடும் என்ற பயத்தில் கத்தினேன். உங்களைத் தனியாக அனுப்பியது அதைவிடத் தப்பு. சீக்கிரம் எழுந்து வாருங்கள், சனிக்கிழமை நானே கூட்டிப்போகிறேன்." சுற்றிச் சுற்றி அரை மணி நேரம் இதைத்தான் சொன்னேன்.

நீங்கள் கேட்க நினைத்ததற்குப் பதிலும் இதுதான். தட்டித் தருகிறேன், அத்தை. எத்தனை ஞாயிறு ஆனாலும் சரி, அந்த வரிசையை முதலிலிருந்து கடைசி வரை என் கையாலேயே தட்டி முடிப்பேன். அதன் குமிழை இப்போதே இடது கோடிக்குத் திருப்பி வைத்துவிட்டேன்.

நீங்கள் தம்பி என்று கூப்பிட்ட
உங்கள் மருமகன்,
குணசீலன்
கிள்ளான்